சிலை கழுவும் பெண், எண்ணிக்கை ஒன்று

தலைநகரம் என்றால் சிலைகள் இருக்கும். சிலைகள் இருந்தால் காக்கைகள் வரும். காக்கைகள் வந்தால் கழுவுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றாவது விஷயம் மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. மழை பெய்யும்போது சிலைகள் தாமாகவே குளித்துக்கொள்ளும் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விடியுமுன் கழுவி முடித்துவிட வேண்டும் என்பது விதி. பெரிய மனிதர்கள் குளிப்பதை ஊர் பார்க்கக் கூடாதல்லவா?

அந்த நகரத்தில் நாற்பத்திரண்டு சிலைகள். அத்தனையையும் முப்பத்தொரு வருஷம் கழுவியவள் ஒருத்தி. தோளில் ஒரு மர ஏணி, கையில் வாளி, இடுப்பில் செருகிய இரண்டு தேய்ப்பு பிரஷ் என்று நடப்பாள். அதனால் அவள் பெயர் ஏணிக்காரி. பள்ளிக்கூடம் போகாதவள். பீடங்களில் வெட்டியிருந்த எழுத்துகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் படிக்கக் கற்றாள். ஆகவே அவளுக்கு முதலில் தெரிந்த சொற்கள் அம்மா, ஆடு எல்லாம் இல்லை. 'மாண்புமிகு', 'தியாகம்', 'திறந்துவைத்தார்' என்பவைதான்.

அவளுக்கு ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன் அந்த மகளுக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அன்று பார்த்து ஒரு வெளிநாட்டு அதிபர், ஊரை நிறுவிய நகரத் தந்தையின் சிலைக்கு மாலை போட வந்துவிட்டார். வீட்டு வாசலுக்கே ஜீப் வந்து நின்றது. "அரை மணி நேரம்தான்" என்று சொல்லி ஏறிப்போனாள் ஏணிக்காரி. அதிபரின் விமானம் தாமதம். அதற்குள் காக்கைகள் மறுபடி வந்துவிட்டன. மறுபடி கழுவ வேண்டியதாயிற்று. அவள் சொட்டச் சொட்ட நனைந்து பதிவு அலுவலகத்துக்கு ஓடி வந்தபோது, அவள் போட வேண்டிய சாட்சி இடத்தில் எதிர்க்கடை டீக்காரர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். மகள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். "சிலைங்க சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

போன மாதம் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன.

ஒன்று, தலைநகர நினைவுக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம். 'கவனிக்கப்படாதோர் கூடம்' என்று புதிதாக ஒன்று திறக்கப்போகிறார்களாம். நகரத்தின் வரலாற்றில் யார் கண்ணிலும் படாமல் உழைத்த எளியவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பார்களாம். ஏணி, வாளி, பிரஷ்களுடன் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும்.

இன்னொன்று, பக்கத்து அறையில் இருக்கும் தையல்காரியின் போனுக்கு வந்தது. மகள் பேசினாளாம். தையல்காரி அதை அப்படியே ஒப்பித்தாள். "'பதினெட்டாம் தேதி அந்த வழியா ரயில்ல போறேன். நாலு பத்துக்கு வரும், நாலரைக்குக் கிளம்பிடும். ஆறாவது பெட்டி. குழந்தையும் இருக்கு. வந்தா வரட்டும், வரலைன்னா எனக்கொண்ணும் புதுசில்ல.' இவ்வளவுதான்க்கா சொன்னா. அப்புறம் போனை வச்சுட்டா. ஆனா உடனே வைக்கல, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுத்தான் வச்சா."

அந்தக் 'கொஞ்ச நேரம் சும்மா இருந்த' விஷயத்தை ஏணிக்காரி மூன்று தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்கறியே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்றாள் தையல்காரி. "அந்த ஆபீசை இன்னொரு நாள் பாத்துக்கக் கூடாதா?"

"ஏணியைக் குடுத்துட்டு வர எவ்வளவு நேரமாகும்? பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். பேரு பித்தளையில போடறாங்களாம். போய்ச் சொல்லலாமில்ல அவகிட்ட. சும்மா ஒண்ணும் அலையலடி உங்கம்மான்னு."

அவள் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். அதில் தவறு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காப்பகத்தின் வாசலில் ஒரு காவலர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. பச்சை அட்டை பார்வையாளர்களுக்கு, சிவப்பு அட்டை உள்ளே வரும் பொருள்களுக்கு. கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தவர், பச்சை அட்டையைத் திறந்து, யோசித்து, மூடிவிட்டார்.

"பார்வையாளர்னா யாரு? பார்க்க வர்றவங்க. நீங்க பார்க்கவா வந்திருக்கீங்க?"

"இல்லீங்க. அவங்கதான் என்னைப் பார்க்கணும்னு..."

"அதைத்தான் சொல்றேன். நீங்க பார்க்கப்பட வந்திருக்கீங்க. அப்ப இதுல எழுதினா தப்பாயிடும்." சிவப்பு அட்டையைத் திறந்தார். நல்ல கையெழுத்து அவருக்கு. 'மர ஏணி, எண்ணிக்கை ஒன்று. இரும்பு வாளி, எண்ணிக்கை ஒன்று. பிரஷ், எண்ணிக்கை இரண்டு. சிலை கழுவும் பெண், எண்ணிக்கை ஒன்று' என்று எழுதி, கீழே கோடு போட்டு மொத்தம் ஐந்து என்றார். ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டிய அட்டை ஒன்று. ஏணிக்கு 314. வாளிக்கு 315. பிரஷ்களுக்கு 316, 317. அவள் மணிக்கட்டில் 318.

"ரொம்ப இறுக்கமா இருக்கா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் அப்படிக் கேட்டதே அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மாடியில் விவரம் எழுதும் பெண் காத்திருந்தாள். தற்காலிகப் பணியாளர். தற்காலிகமாக ஏழாவது வருஷம். பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கவனிக்கப்படாமை எந்த அளவு? பத்துக்கு மார்க் போடணும்மா. உங்களை யாராவது எப்பவாவது கவனிச்சிருக்காங்களா?"

ஏணிக்காரி நேர்மையாக யோசித்தாள். "ஒரு தடவை ஒரு போலீஸ்காரர் ஏணியைத் தள்ளி வைக்கச் சொன்னார்."

"உங்களைப் பார்த்தா, ஏணியைப் பார்த்தா?"

"ஏணியைப் பார்த்துத்தான்."

"அப்ப பத்துக்குப் பத்து. நல்ல மார்க்கும்மா. லிப்ட்காரருக்கே எட்டரைதான் வந்தது. சரி, எந்தக் காலத்தைச் சேர்ந்தவங்க?"

"போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன்."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். "போன வருஷம் எல்லாம் வரலாறு இல்லைம்மா. முப்பது வருஷமாவது ஆகியிருக்கணும். வேலையில எப்ப சேர்ந்தீங்க?"

"முப்பத்திரண்டு வருஷம் முந்தி."

"அப்ப சேர்ந்த அன்னிக்கே முடிஞ்சதுன்னு எழுதிக்கறேன். இறந்த தேதி?"

"எனக்கா?"

"காலியா விட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க." சற்று யோசித்தாள். "நிலுவைன்னு போட்டுடறேன்."

பதினான்கு பக்கமும் முடிந்தபோது ஏணிக்காரி எழுந்து, "சரிம்மா, அப்ப நான் கிளம்பறேன். நாலு மணிக்கு ஒரு ரயிலைப் பிடிக்கணும்" என்றாள்.

"கிளம்பறதா?" அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தாள் அந்தப் பெண். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. "ஐயோ, உங்களை சிவப்புல எழுதிட்டாரா? சிவப்புல வந்ததை வெளிய விடணும்னா பொருள் வெளியேற்றக் குழு கூடணும்மா. மூணு மாசத்துக்கு ஒரு தரம்தான் கூடும்."

"நான் பொருள் இல்லம்மா."

"எனக்குத் தெரியுது. பதிவேட்டுக்குத் தெரியணுமே."

"கீழ போய்ச் சொன்னா அவர் அடிச்சு எழுத மாட்டாரா?"

"காப்பகத்துப் பதிவேட்டுல அடிச்சு எழுதினா வரலாற்றைத் திருத்தின குற்றம். பிணையில்லாம உள்ள தள்ளிடுவாங்க. பாவம், அவருக்கு ரெண்டு பொண்ணு."

இப்படித்தான் 318 கிடங்கில் வைக்கப்பட்டது. வைக்கப்பட்டது என்றா சொல்வது, வைக்கப்பட்டாள் என்றா சொல்வது என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் அது தீராத கேள்வி.

கிடங்கு நீளமான அறை. கம்பி போட்ட ஜன்னல்கள். ஒரு சுவர் முழுக்கக் கடிகாரங்கள்: பழைய சட்டமன்றத்துக் கடிகாரம், முதல் தபால் நிலையத்துக் கடிகாரம், மூடிப்போன மருத்துவமனையின் கடிகாரம். ஒன்றும் ஓடவில்லை. ஓடினால் தேய்ந்துவிடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். பதினேழு கடிகாரங்கள் இருந்த அறையில் மணி என்ன என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் நின்றாள் அவள்.

மூலையில் ஒரு பழைய லிப்ட் இருந்தது. கூண்டுக் கதவு போட்டது. உள்ளே ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டில் 207.

"வாங்கம்மா. எத்தனாவது மாடி?" என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டார். "பழக்க தோஷம். பதினோரு மாசமாச்சு நான் வந்து."

"பதினோரு மாசமா? வீட்டுல தேட மாட்டாங்களா?"

"கடுதாசி போட்டேன். நல்ல இடம்னா அங்கேயே இருங்கப்பான்னு பையன் பதில் போட்டான்." ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "மூணு வேளை வருது. மாசம் ஒரு தடவை பூச்சி மருந்து அடிப்பாங்க, கண்ணை மூடிக்கிட்டா போச்சு. ஒரு வசதி பாருங்க, அதுக்கப்புறம் கொசுவே கிட்ட வர்றதில்ல. உங்களுக்கும் இன்னிக்கு அடிச்சிருவாங்க. புதுசா வந்ததுக்கு முதல் நாளே அடிக்கணும்."

"குழு கூடினா உங்களை விட்டிருக்கணுமே?"

"மூணு தடவை கூடினாங்க. ஏழு பேர் வரணும், ஆறு பேர்தான் வந்தாங்க. ஏழாவது ஆள் செத்துப் போயிட்டாரு. அவரை நீக்கறதுக்கும் ஏழு பேர் கையெழுத்து வேணுமாம்."

ஏணிக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே சாலையில் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிழல்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தாள். நகரத்தின் நிழல்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டே முக்கால் இருக்கும் என்று மனசு சொன்னது.

"ஏங்க, வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அது கௌரவமான வழி இல்ல." குரலைத் தாழ்த்தினார் லிப்ட்காரர். "போலின்னு முடிவாயிட்டா அன்னிக்கே வெளிய. குழு எல்லாம் வேண்டாம். இயக்குநர் ஒருத்தர் கையெழுத்து போதும். போன மாசம் அந்த மூலையில ஒரு தெருவிளக்குக் கம்பம் நின்னுது. அந்தக் காலத்துதுன்னு கொண்டாந்து வச்சாங்க. அடியில பார்த்தா நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. பத்து நிமிஷத்துல பின்வாசல் வழியா போயிடுச்சு. கம்பத்துக்கு வந்த யோகத்தைப் பாருங்க."

"நீங்க ஏன் அப்படிப் போகல?"

"நான் போலி இல்லையேம்மா," என்றார் அவர், சற்றுக் கோபமாக. "இருபத்தாறு வருஷம் இந்தக் கைப்பிடியைத்தான் இழுத்தேன்."

அப்போது கதவு திறந்தது. இயக்குநர் வந்தார். பின்னால் விவரம் எழுதும் பெண், அவளுக்குப் பின்னால் பூச்சி மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒருவர். இயக்குநர் மெல்லிய, வாசனையான மனிதர். நகரத் தந்தையைப் பற்றி அறுநூறு பக்கத்தில் புத்தகம் எழுதிப் பட்டம் வாங்கியவர். திறப்பு விழாவுக்கு ஒத்திகை பார்க்க வந்திருந்தார். உரையைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குடையை ஏணிக்காரியின் முழங்கையில் மாட்டினார். ஃபைலை அவள் கையில் வைத்தார். மேலங்கியை அவள் தோளில் போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே, இந்த மாநகரம் தன் எளிய மக்களை ஒருபோதும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நாம் பார்க்கிறோம். அவர்கள் பெயரை யாரும் கேட்டதில்லை. நாம் கேட்கிறோம்." பக்கத்தைத் திருப்பினார். "இதோ நம்மிடையே இருக்கும் இந்தச் சிலை கழுவும் பெண்..." குனிந்து அட்டையைப் படித்தார். "முந்நூற்றுப் பதினெட்டு. இவர் பேசியதில்லை. பேசினாலும் கேட்க ஆளில்லை. இவருக்காக நான் பேசுகிறேன், இருபத்தைந்து நிமிடங்கள்."

"ஐயா," என்றாள் ஏணிக்காரி.

"கூடத்தில் பொருள்களுக்கு வசனம் கிடையாதே," என்று விவரம் எழுதும் பெண்ணைப் பார்த்துச் சொன்னார் இயக்குநர்.

"ஐயா, நாலு பத்துக்கு எம்பொண்ணு ரயில்ல வர்றா. ஆறு வருஷமாச்சு பார்த்து. குழந்தையை நான் பார்த்ததே இல்ல. போயிட்டு வந்துடறேன். ஏணி இங்கதான இருக்கு, நான் எங்க போயிடுவேன்?"

இயக்குநர் உருகித்தான் போனார். "குறிச்சுக்கம்மா இதை. 'ஆறு வருஷம் பார்க்காத மகள்.' உரையோட ரெண்டாம் பக்கத்துல சேர்த்துக்கலாம். கூட்டத்துல ஒருத்தர் கண்ணும் காயாது." பிறகு அவளிடம், "உங்க துக்கம் இனி உங்களோடது இல்லம்மா, நாட்டோட சொத்து. கவலையை விடுங்க. அப்படியே பிரஷைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் மேல. நகரத் தந்தையோட மீசைக்குக் கிட்ட பிரஷ் போற மாதிரி. அந்த மீசைதான் இந்த நகரத்தோட வீரத்துக்கு அடையாளம்னு நான் எட்டு அத்தியாயம் எழுதியிருக்கேன்."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தினார்கள். பெரிய வட்டத்தில் எதிரெதிரே நின்ற நகரத் தந்தை சிலையையும் தளபதி சிலையையும் இறக்கிவைத்தார்கள். வெண்கலச் சிலைகளுக்குத் தலை தனி வார்ப்பு. மரை போட்டுத் திருகி வைத்திருப்பார்கள். தலைகளைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பட்டறையில் வைத்தார்கள். திரும்ப ஏற்றும்போது மறுநாள் பெரிய விழா, அவசரம். நகரத் தந்தையின் உடம்பில் தளபதியின் தலையையும் தளபதியின் உடம்பில் நகரத் தந்தையின் தலையையும் திருகிவிட்டார்கள். மீசை முகம் கையில் புத்தகத்தோடும், மழித்த முகம் இடுப்பில் வாளோடும் நின்றன. விழா நடந்தது. மாலைகள் விழுந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பீடத்தில் பெயர் இருக்கும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்?

பார்த்தது ஏணிக்காரி ஒருத்திதான். மறுநாள் விடியலில் ஏணி போட்டு ஏறி, நகரத் தந்தையின் முகத்தைத் தேய்க்கக் கை வைத்தவள், அங்கே மீசை இருந்ததைக் கண்டு விழப் பார்த்தாள். மேற்பார்வையாளரிடம் ஓடினாள். "உனக்குக் கழுவற வேலையா, பார்க்கற வேலையா?" என்று கேட்டார் அவர். கழுவுகிற வேலைதான் என்று திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் அஞ்சல் தலையில் மீசை வந்தது. பாடப் புத்தகத்தில் மீசை வந்தது. பழைய ஓவியங்களில் மீசை இல்லாதது ஓவியர்களின் கவனக் குறைவு என்று இயக்குநர் புத்தகம் எழுதினார்.

ஏணிக்காரி பிரஷை இறக்கினாள். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நீண்டு லிப்ட் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூணே காலாவது இருக்கும். மருந்துக்காரர் டப்பாவைத் திறந்து கலக்க ஆரம்பித்திருந்தார்.

"ஐயா, நகரத் தந்தைக்கு மீசை கிடையாது," என்றாள்.

அறையில் எதுவும் அசையவில்லை. கடிகாரங்கள் ஏற்கெனவே அசையாமல்தான் இருந்தன.

"என்ன சொன்னீங்க?"

"அது தளபதியோட தலை. சாலை போட்டப்ப மாத்தித் திருகிட்டாங்க. பத்து வருஷம் மீசையில்லாத முகத்தைத்தான் நான் கழுவினேன். தாடைக்குக் கீழ ஒரு மரு இருக்கும், ஏணி போட்டாத்தான் தெரியும். இப்ப அந்த மரு தளபதி உடம்பு மேல இருக்கு."

இயக்குநர் தம் மேலங்கியை அவள் தோளிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டார். ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"காக்காய்ங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பாருங்கம்மா." அவர் குரல் இனித்தது. "தலை மாறல. மாறியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். நான் கண்டுபிடிக்கல. ஆக மாறல. தலைகள் சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பித்தளையில முதல் பேரு உங்களோடது. உயிருள்ள வரைக்கும் இங்க மூணு வேளைச் சாப்பாடு."

ஏணிக்காரி லிப்ட்காரரைப் பார்த்தாள். அவர் கூண்டுக்குள் ஏதோ பொத்தானைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"மாறிடுச்சுங்க," என்றாள் அவள். "இப்ப வேணா வாங்க, ஏணி போட்டுக் காட்டறேன். மரையிலகூட ஒரு சுத்து சரியா இறங்கல. காத்தடிச்சா நகரத் தந்தை தலை லேசா ஆடும்."

இயக்குநர் விவரம் எழுதும் பெண்ணின் பக்கம் திரும்பினார். "இந்தம்மா சிலையே கழுவினதில்ல. யாரோ வேணும்னு அனுப்பியிருக்காங்க. போலி. எழுதிக்க."

"ஐயா, ஏணி?"

"ஏணி உண்மை. அம்மா போலி."

அப்படிச் சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். மருந்துக்காரரும் டப்பாவை மூடினார். போலிக்கு மருந்து அடிப்பதில்லை, வீண் செலவு.

இனி ஒரு கையெழுத்துதான் பாக்கி, அவளுடையது. 'நான் ஒருபோதும் சிலை கழுவியதில்லை எனவும், அவ்வாறு நடித்து வந்துள்ளேன் எனவும் ஒப்புக்கொள்கிறேன்.' விவரம் எழுதும் பெண் தாளை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஏணிக்காரி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். முப்பத்தொரு வருஷம். பனியில் கை மரத்துப்போன விடியல்கள். சோப்புத் தண்ணீரில் வெந்துபோன விரல் இடுக்குகள். மகளுக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூடப் போனாளே. எழுதத் தெரியாத காலத்தில் கைநாட்டு வாங்கியிருந்தால் இத்தனை வலித்திருக்காது. படிக்கக் கற்றதே வினையாகிவிட்டது.

"மணி என்னம்மா?"

அந்தப் பெண் போனைப் பார்த்தாள். "மூணு நாப்பது."

கையெழுத்துப் போட்டாள். பீடத்து எழுத்துப்போல், ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும் கையெழுத்து. லிப்ட்காரர் கூண்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "கீழ போறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். "நீங்களும் வாங்களேன்," என்றாள் அவள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பின்வாசல்வரை விவரம் எழுதும் பெண்ணும் கூட வந்தாள்; அங்கே வேறொரு காவலர். தாளைப் படித்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார்.

"என்ன தேடறீங்க?" என்றாள் விவரம் எழுதும் பெண்.

"சுத்தியல். போலின்னா உடைச்சுத்தான் வெளிய விடணும். இல்லைன்னா இன்னொரு காப்பகத்துல கொண்டுபோய் வச்சுடுவாங்க. விதி இருபத்தொண்ணு."

ஏணிக்காரி ஓரடி பின்னால் போனாள். அந்தப் பெண் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ஏற்கெனவே உடைஞ்சிருக்குன்னு எழுதிக்குங்கண்ணே."

"எங்க உடைஞ்சிருக்கு?"

"முழங்கால்ல. ரெண்டும்."

காவலர் சந்தேகத்தோடு நிமிர்ந்தார். "நடந்து காட்டுங்க."

அவள் நடந்து காட்டினாள். முப்பத்தொரு வருஷ ஏணிப்படிகள் அந்த முழங்கால்களில் இருந்தன. காவலர் உதட்டைப் பிதுக்கினார். 'கால் பகுதி சேதம். மேலும் உடைக்கத் தேவையில்லை' என்று எழுதி, மணிக்கட்டு அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் கூடம் மறுமாதம் திறந்தது. இப்போது போனாலும் பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் ஏணி நிற்கிறது. கீழே பித்தளையில், 'சிலை கழுவும் ஏணி. பயன்படுத்தியவர் பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது. பள்ளிக்கூடங்களிலிருந்து கூட்டிவந்து காட்டுகிறார்கள். அது கிடக்கட்டும். மணி மூன்று ஐம்பத்தைந்து, அவளுக்கு இன்னும் நகரத்தின் பாதியைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் பஸ் இல்லை. நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கால்களையும் மாறி மாறி முன்னால் வீசிக்கொண்டு போனாள். பெரிய வட்டம் குறுக்கே வந்தது. நகரத் தந்தையின் தோளில் காக்கை எச்சம் வழிந்திருந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வட்டத்தை அவள் நிமிர்ந்து பார்க்காமல் கடந்தது அன்றுதான்.

நடைமேடையில் நுழைந்தபோது நிலையத்துக் கடிகாரம் நாலு இருபத்துமூன்று காட்டியது. அது ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று பெட்டிகளை எண்ணிக்கொண்டே போனாள். ஆறாவது பெட்டியின் வாசலில் மகள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. கொஞ்சம் பருத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி, பிறகு திரும்பவும் பார்த்தாள்.

"இன்னிக்கு எந்தச் சிலை?" என்றாள்.

ஏணிக்காரிக்கு மூச்சு வாங்கியது. "நகரத் தந்தை. அவரைக் கழுவினதால முதல்ல மாட்டிக்கிட்டேன், அப்புறம் அவராலதான் வெளிய வந்தேன். அவருக்கு மீசை இல்லன்னு சொன்னேன். என்னைப் போலின்னு சொல்லித் துரத்திட்டாங்க."

குழந்தை ஏணிக்காரியை உற்றுப் பார்த்தது. மூக்கை, காதை, நரைத்த புருவத்தை, ஒவ்வொன்றாக, கண் கொட்டாமல் பார்த்தது. அப்படிப் பார்க்கப்பட்டு வழக்கமில்லாத ஏணிக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அஞ்சாவது படிக்கறப்ப நகரத் தந்தை படம் வரையச் சொன்னாங்க," என்றாள் மகள், மெதுவாக. "தலை மாறிடுச்சு, மீசையில்லாம வரைன்னு நீ சொன்னே. வரைஞ்சேன். வகுப்புல எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் நாள் முழுக்க நிக்க வச்சாங்க. உங்கம்மாவுக்கு என்னடி தெரியும்னு கேட்டாங்க."

"எங்கிட்ட சொல்லலியே நீ."

"எப்படிச் சொல்றது? நீ பொய் சொல்லிட்டேன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா." அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தாள் ஏணிக்காரி. ஆனால் வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு. "அப்ப நிஜமாவே தலையை மாத்தியா வச்சுட்டாங்க? நாட்டுக்கே?"

"நாட்டுக்கே," என்றாள் அம்மா.

விசில் ஊதியது. மகள் குழந்தையை அம்மாவின் கையில் திணித்தாள். "ஏறும்மா."

"டிக்கெட் இல்லையேடி."

"ஏறுங்கறேன்ல."

ஏறினாள். முழங்கால்கள் முனகின. ரயில் நகர்ந்தது. குழந்தையின் கனத்துக்குக் கை பழகுமுன்னே டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார், கையில் ஒரு தடித்த நோட்டோடு. ஏணிக்காரி நோட்டைப் பார்த்ததும் அதன் அட்டை என்ன நிறம் என்று பார்த்தாள். நீலம்.

"இவங்க யாரு? டிக்கெட் எங்க?"

ஏணிக்காரி வாயைத் திறந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் எல்லாவற்றையும் இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்கம்மா," என்றாள் மகள். "ஊர்ல இருக்கற அத்தனை சிலையையும் கழுவினது இவங்கதான். எங்கூட வர்றாங்க. எழுதிக்குங்க."

பரிசோதகர் நின்றபடியே நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று ஏணிக்காரி எட்டிப் பார்க்கவில்லை. குழந்தை அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.